ஸ்பீக்கரைத் தின்னும் ஈரம்

பழைய காரின் டிக்கிக்குள் இருக்கும் சப்வூஃபர் கெட்டுப்போனால் பழி பெரும்பாலும் அம்ப்ளிஃபயர்மீதுதான் விழும். மேளம் விழும் இடத்தில் 'டும்' என்று வரவேண்டியது 'டர்ர்' என்று வரும். சத்தத்தைக் கூட்டினால் கரகரப்பும் கூடும். வயரை மாற்றி, பியூசை மாற்றி, கடைசியில் செட்டே சரியில்லை என்று முடிவுகட்டி, ஸ்பீக்கரைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். முன்னாலுள்ள வலையைக் கழற்றிக் கூம்பின் ஓரத்தை விரலால் தொட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். அந்தக் கறுப்பு நுரை விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், அல்லது தூளாக உதிரும். செத்தது ஸ்பீக்கர் அல்ல, அதன் விளிம்பு வளையம் மட்டும்தான்.

இலங்கையில் இப்படிப்பட்ட ஸ்பீக்கர்கள் இன்னும் ஏராளமாக ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருபது, இருபத்தைந்து வயதான கார்களும் வேன்களும் பழுதுபார்க்கப்பட்டுப் பழுதுபார்க்கப்பட்டே ஓடின. அவற்றுக்குள் இருந்த பாட்டுச் செட்டுகளுக்கும் அதே வயது.

கூம்பின் வெளி ஓரத்தையும் இரும்புச் சட்டத்தையும் இணைப்பது இந்த வளையம். பின்னால், கூம்பின் கழுத்தருகே, ஸ்பைடர் எனப்படும் மடிப்புத்துணி இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் கூம்பை அசைக்கும் கொயிலைக் காந்தத்தின் ஒடுங்கிய இடைவெளிக்குள் நேராக வைத்திருக்கின்றன. பாட்டின் அடித்தொனி 30 ஹேர்ட்ஸ் என்று வையுங்கள். வளையம் ஒரு செக்கனில் 30 தடவை முன்னும் பின்னும் வளைய வேண்டும். அதே தொனி ஒரு மணித்தியாலம் ஒலித்தால் 1,08,000 தடவை. இவ்வளவு வளைந்தும் கிழியக்கூடாது, காற்றையும் கசியவிடக்கூடாது.

காற்றுக் கசிந்தால் என்ன? கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறம் காற்று நெருங்குகிறது, பின்புறம் ஐதாகிறது. இரண்டும் எதிரெதிர் அலைகள். 40 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீற்றருக்கும் அதிகம். அவ்வளவு நீண்ட அலைக்குச் சின்ன வெடிப்பும் போதிய வாசல். பின்புற அலை முன்னே வந்து முன்புற அலையை விழுங்கிவிடும். வளையம் கிழிந்த சப்வூஃபரில் கூம்பு துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தும், அடித்தொனி காதுக்கு எட்டாமல் போவது இதனால்தான்.

சீக்கிரம் அழியும் நுரையை ஏன் அங்கே வைத்தார்கள்? 1925இல் அமெரிக்காவின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெலாக்கும் இன்றைய கொயில் ஸ்பீக்கருக்கு வடிவம் கொடுத்தார்கள். 1954இல் அதே நாட்டின் எட்கர் வில்ச்சர் வேறொரு வழி காட்டினார். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடிவிட்டால் உள்ளே அடைபட்ட காற்றே கூம்புக்கு ஸ்பிரிங் ஆகிவிடும், சின்னப் பெட்டியிலும் ஆழமான ஒலி கிடைக்கும் என்றார். அதற்குக் கூம்பின் விளிம்பு மிகத் தளர்வாக இருக்க வேண்டும். பொலியூரித்தேன் நுரை இலேசானது, மலிவானது, தேவையற்ற அதிர்வை உறிஞ்சக்கூடியது. 1970களிலிருந்து ஸ்பீக்கர் தொழில் அதை இரு கைகளாலும் வாரிக்கொண்டது. அன்றைய கணக்கில் அது தப்பான தெரிவு அல்ல. ஆனால் கணக்குப் போட்டவர்கள் கண்டியில் குடியிருக்கவில்லை.

பொலியூரித்தேன் 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரின் குழு கண்டெடுத்த பொருள். அதன் நுரையில் பொலியெஸ்டர், பொலியீத்தர் என்று இரு பெரும் வகைகள். பழைய வளையங்களில் இருந்த பொலியெஸ்டர் வகையின் நீண்ட சங்கிலியில் இடையிடையே எஸ்டர் பிணைப்புகள் இருக்கின்றன. நீர் மூலக்கூறு வந்து அந்தப் பிணைப்பை அறுத்தால் ஒருபுறம் அமிலமும் மறுபுறம் அல்ககோலும் மிஞ்சும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். பிறக்கும் அமிலம் சும்மா இருப்பதில்லை, அடுத்த பிணைப்பை அறுக்க அதுவே ஊக்கியாகிறது. அதனால்தான் பல வருடம் நன்றாக இருந்த வளையம் சில மாதங்களில் திடீரென்று விழுந்துவிட்டதுபோலத் தோன்றுகிறது. சங்கிலிகள் குட்டையாகும்போது நுரை முதலில் பிசுபிசுக்கும், பிறகு உதிரும்.

இந்த வேதியியலுக்கு வேண்டியவை ஈரமும் சூடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், மகாவலி ஆற்றை அணைத்து, மலைகளுக்கு நடுவே கிடக்கும் கண்டிக்கு இரண்டு பருவக்காற்றுகளும் மழை தரும். இரவில் ஈரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டுவது இங்கே சாதாரணம். பகலில் வெயிலில் பூட்டிவைத்த கார் 50 பாகை செல்சியசையும் தாண்டும். வெப்பம் 10 பாகை கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பாடசாலையிலேயே சொல்லித்தரும் கணக்கு. இரவில் ஈரம் குடித்து, பகலில் அவிந்து, மறுபடி ஈரம் குடிக்கிறது நுரை.

பாட்டுப் போடாமல் பத்திரமாக வைத்திருந்தாலும் தப்பமுடியாது. கலியாணத்துக்கு மட்டும் போட்டு அலுமாரியில் பூட்டிவைத்த சப்பாத்தின் அடி, அடுத்த கலியாணத்தன்று பாதி வழியில் பிய்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அடியும் பெரும்பாலும் பொலியூரித்தேன்தான், அதைத் தின்றதும் இதே ஈரம்தான்.

இறப்பர் வளையத்துக்கு இந்த நோய் இல்லை. இறப்பர் வெறும் காபனும் ஐதரசனும் சேர்ந்த சங்கிலி. நீர் வந்து அறுக்க அதில் எஸ்டர் பிணைப்பே கிடையாது. அதன் எதிரி ஓசோனும் ஒட்சிசனும். இயற்கை இறப்பரின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி அவை வெடிப்பு விழுத்தும். பியூட்டைல் இறப்பரில் அந்த இரட்டைப் பிணைப்புகள் மிகச் சொற்பம் என்பதால் ஸ்பீக்கர் விளிம்புக்கு அது நன்றாகப் பொருந்துகிறது.

கண்டிக்கும் இறப்பருக்கும் பழைய உறவு இருக்கிறது. ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் 1,900இற்கும் அதிகமான கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அவற்றைப் பொறுப்பேற்றவர் கண்டியருகே உள்ள பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் பணிப்பாளர் ஜோர்ஜ் த்வெயிட்ஸ். வெப்பமான தாழ்நிலமே அவற்றுக்கு ஏற்றது என்பதால் பெரும்பாலானவை கம்பஹாவை அண்டிய ஹெனரத்கொடவில் நடப்பட்டன. இன்று கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கிக் கேகாலைப் பக்கம் போனால் வீதியோரத்தில் இறப்பர் தோட்டங்கள்.

பழுதுபார்ப்பில் கடினமானது ஒட்டுவது அல்ல, நடுவைப் பிடிப்பது. பழைய நுரையையும் பசையையும் முழுதாகச் சுரண்டி எடுக்க வேண்டும். இந்த அலுப்பான வேலையில் பொறுமை இழந்தால் புதிய பசை பிடிக்காது. பிறகு நடுமூடியை வெட்டியெடுத்து, கொயிலுக்கும் நடுவிலுள்ள இரும்புத் துருவத்துக்கும் இடையே மெல்லிய கீற்றுகளைச் சுற்றிவரச் செருக வேண்டும். பழைய எக்ஸ்ரே படத்தை நறுக்கினாலே போதும். கீற்றுகள் கொயிலை நடுவில் பிடித்திருக்க, வளையத்தை முதலில் கூம்பிலும் அது காய்ந்தபின் சட்டத்திலும் ஒட்டலாம். மெதுவாகக் காயும், காய்ந்தும் வளையும் பசைதான் வேண்டும். சுப்பர் க்ளூ கல்லாக இறுகிவிடும், அதைத் தொடாதீர்கள். கூம்பு பொலிபுரொப்பிலீன் என்றால் சாதாரணப் பசை எதுவும் நிலைக்காது, அதற்கென்று உள்ள பசையைக் கேட்டு வாங்க வேண்டும். வளையம் வாங்கும்போது '12 இஞ்சி' என்று மட்டும் சொல்வது வீண். கூம்பின் வெளிவிட்டத்தையும், சட்டத்தின் உள், வெளி விட்டங்களையும் அளந்துகொண்டு போங்கள்.

ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, கீற்றுகளை உருவியெடுத்து, இரு கை விரல்களையும் கூம்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து மெல்ல அமுக்கிப் பாருங்கள். உரசும் ஓசை இல்லையென்றால் வேலை சரி, நடுமூடியை மீண்டும் ஒட்டிவிடலாம். நுரைக்குப் பதில் இறப்பர் போட்டால் அசையும் பாரம் சற்றுக் கூடும், ஒலி ஒரு மயிரிழை குறையும். டிக்கிக்குள் இருக்கும் சப்வூஃபருக்கு அது ஒரு நட்டமே அல்ல. ஆனால் வளையம் கிழிந்தபின்னும் மாதக்கணக்கில் பாட்டுப் போட்டு, சாய்ந்த கொயில் காந்தத்தில் உரசிக் கருகியிருந்தால் வளையத்துக்குச் செலவழிக்காதீர்கள். கொயிலை மாற்றும் செலவு சாதாரண ஸ்பீக்கருக்குக் கட்டாது.

திண்ம டயர்களையும் கையுறைகளையும் உலகுக்கு ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கு ஓர் இறப்பர் வளையம் வார்ப்பது பெரிய வித்தையல்ல. தேவை ஒரு நல்ல அச்சும், சரியான கலவையும், விளிம்பு எவ்வளவு இளக வேண்டும் என்ற கணக்கும்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்கள் யாராவது இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால், இதை எடுத்துக்கொள்ளலாம்.