இலத்தீனில் அயற்கூற்று வினா

‘எதைத் தேடுகிறாய்?’ என நேரே வினவும் இலத்தீனர் ‘குவித் குவைரிஸ்?’ என்பர். அவ்வினா வேறொரு வினைக்குள் அடங்கி வருமாயின் வினைமுற்றின் வடிவம் மாறும். ‘எதைத் தேடுகிறாய் என்பதை அறிவேன்’ என்பதை ‘ஸ்கியோ குவித் குவைராஸ்’ என்பர். ‘குவைரிஸ்’ என்பது செய்தி கூறும் வடிவம். ‘குவைராஸ்’ என்பது சார்பு வடிவம்.

சார்பு வடிவம் ஐயத்தையே உணர்த்தும் என மாணாக்கர் சிலர் கொள்வர். அது பொருந்தாது. ‘அறிவேன்’ என்னும் உறுதிச் சொல்லின் பின்னும் அவ்வடிவமே வருதல் காண்க. ஈண்டு அது ஐயத்தின் குறியன்று. வினா அடங்கி நிற்பதன் குறியே.

இதனை மறப்பின் பொருள் பிழைபடும். ‘ஸ்கியோ குவொத் குவைரிஸ்’ எனின், ‘நீ தேடும் பொருளை அறிவேன்’ என்றாகும். பொருளை அறிதல் வேறு. அது எது என்னும் வினாவிற்கு விடை அறிதல் வேறு.

பிளௌட்டஸின் நாடகங்களில் அடங்கிய வினாவில் செய்தி வடிவமும் கலந்து வரும். சிசரோவின் (கி.மு. 106–43) உரைநடையில் சார்பு வடிவமே நெறியாயிற்று.

தமிழில் ‘என்பதை’ என்னும் சொல்லே வினாவை அடக்குகின்றது, வினைமுற்று மாறுவதில்லை. தமிழ்ச்சொல் ஒன்று ஆற்றும் பணியை இலத்தீனில் வினையின் ஈறு ஆற்றுகின்றது. ஆதலின், இலத்தீன் பயில்வோர் வினைச்சொல்லின் இறுதியை நோக்கிய பின்னரே பொருள் கூறுதல் நன்று.