மாமியின் கட்டியும் அப்பாவின் சிறுநீரகமும்

கர்ப்பப்பையில் கட்டி என்பது எமது பெண்களுக்குப் புதிய செய்தியல்ல. ஐம்பது வயதுக்குள் பெரும்பாலான பெண்களின் கர்ப்பப்பையில் சிறியதோ பெரியதோ ஒரு நார்க்கட்டியாவது தோன்றிவிடுகிறது. அது புற்றுநோயல்ல, பலருக்கு அது இருப்பதே தெரியாது. ஆனால் மிகச் சில குடும்பங்களில் இதே கட்டி, சிறுநீரகப் புற்றுநோய் பரம்பரையாக வரக்கூடும் என்பதற்கு ஓர் அடையாளமாக இருக்கிறது. சமூகவியல் படித்த எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. வெள்ளவத்தையில் ஒரு சகோதரிக்குத் துணையாகக் கிளினிக்குக்குப் போய் வந்த காலத்தில்தான் தெரிந்துகொண்டேன். அவரை இனங்காட்டக்கூடிய விபரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன்.

முப்பத்து மூன்று வயதுக்குள் அவருக்கு இரண்டு தடவை நார்க்கட்டிச் சத்திரசிகிச்சை நடந்துவிட்டது. இரண்டாவது தடவை வைத்திய நிபுணர் அவரது கையிலிருந்த சின்னச் சின்ன முடிச்சுகளைப் பார்த்துவிட்டு, "குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரகப் புற்றுநோய் இருந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றார் தாயார். வீடு திரும்பியபின் குசினிக்குள் என்னை அழைத்து மெதுவாகச் சொன்னார்: "இவளின்ர அப்பாவுக்கு அதுதான் மிஸ். கிட்னி பழுது எண்டுதான் எல்லாருக்கும் சொன்னனாங்கள். கான்சர் எண்டு சொன்னா இவளுக்கு ஆர் கலியாணம் பேசுவினம்?"

தகப்பன் இறந்தது 1997இல். இருபது வருடத்துக்கு மேலாக அந்தச் சொல் அந்த வீட்டில் உச்சரிக்கப்படவில்லை. அந்தத் தாயைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. சம்பந்தம் பேசும்போது எமது சனம் கேட்கும் கேள்விகள் எப்படிப்பட்டவை என்பது வாசகியருக்கும் தெரியும். அதோடு எமது நாட்டில் "கிட்னி வருத்தம்" என்ற ஒரு பெயருக்குள் எல்லாமே அடங்கிவிடுகிறது. ரஜரட்டை விவசாயிகளை வாட்டும் நாட்பட்ட சிறுநீரக நோய் வேறு, நீரிழிவால் வரும் பழுது வேறு, புற்றுநோய் வேறு.

கட்டிக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு? உணவிலிருந்து கிடைக்கும் குளுக்கோசை ஒட்சிசனின் துணையோடு படிப்படியாக எரித்தே எமது கலங்கள் சக்தி பெறுகின்றன. பாடசாலையில் விஞ்ஞானம் படித்தவர்களுக்குக் கிரெப்ஸ் வட்டம் நினைவிருக்கலாம். அதில் பியூமரேற் என்ற பொருளை மலேற்றாக மாற்றுவதற்கு ஒரு நொதியம் உண்டு. அதை உருவாக்கும் மரபணு முதலாவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதாக வந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஏதாவது ஒரு கலத்தில் அந்த மற்றதும் கெட்டுப்போனால் பியூமரேற் அங்கே தேங்கத் தொடங்கும், அடைபட்ட கானில் தண்ணீர் தேங்குவதுபோல. தேங்கிய பியூமரேற், ஒட்சிசனின் அளவை அறியும் பொறிமுறையைக் குழப்புகிறது. ஒட்சிசன் தாராளமாக இருந்தும் இல்லையென்று கலம் நம்புகிறது. குளுக்கோசை அரைகுறையாகவும் அளவுக்கு மீறியும் செலவழிக்கிறது. புதிய குருதிக்குழாய்களை வரவழைத்துப் பெருகுகிறது. கர்ப்பப்பையில் இது நார்க்கட்டியாகவும், தோலில் குளிர் பட்டால் வலிக்கும் முடிச்சாகவும், சிறுநீரகத்தில் புற்றுநோயாகவும் வெளிப்படுகிறது. இந்த மரபணுவே காரணம் என்பது 2002இல் கண்டறியப்பட்டது.

சிறுநீரகப் புற்றுநோய்களில் மிகப் பொதுவான வகையிலும் இதே பொய்ச்செய்திதான் வேலை செய்கிறது. அங்கே கெட்டுப்போவது மூன்றாவது நிறமூர்த்தத்திலுள்ள வேறொரு மரபணு. வொன் ஹிப்பெல், லின்டாவ் என்ற இரு வைத்தியர்களின் பெயரால் அதை அழைக்கிறார்கள். கலம் ஒட்சிசனை உணரும் விதத்தைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீற்றர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அறிவைக் கொண்டு உருவான பெல்சுட்டிஃபான் என்ற மாத்திரைக்கு 2021இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. இந்தப் பொதுவான வகை பெரும்பாலும் பரம்பரையாக வருவதல்ல. வாழ்நாளில் அந்தச் சிறுநீரகத்திலேயே ஏற்படும் பழுது, பிள்ளைகளுக்குப் போகாது. புகைத்தல், அதிக உடற்பருமன், உயர் குருதியமுக்கம் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன.

பரம்பரை வகைக்கு வருவோம். பழுதான மரபணு உள்ள ஒருவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர ஐம்பது வீத வாய்ப்பு உண்டு. வந்தவர்கள் எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. ஏறக்குறைய ஆறேழு பேரில் ஒருவருக்கே வருகிறது. ஆனால் வந்தால் கட்டி சிறிதாக இருக்கும்போதே பரவக்கூடியது. அதனால்தான் வருடந்தோறும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள். நார்க்கட்டியுள்ள ஒவ்வொரு பெண்ணும் பயந்து ஸ்கேனுக்கு ஓடவேண்டியதில்லை. இளவயதிலேயே பல கட்டிகள், தோலில் வலிக்கும் முடிச்சுகள், குடும்பத்தில் சிறுநீரகப் புற்றுநோய் ஆகியவை சேர்ந்து வந்தால் வைத்தியரிடம் அதைச் சொல்லிக் கேட்கவேண்டும். வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் போனால் "சூடு" என்று இளநீரும் பார்லித் தண்ணீரும் குடித்து நாளைக் கடத்தக்கூடாது. மாதவிடாய் என்று நினைத்து இதைத் தவறவிடும் பெண்களும் உண்டு.

நாங்கள் வழக்கமாக மறந்துபோவது தகப்பன் வழியை. ஆணுக்குக் கர்ப்பப்பை இல்லை. ஆகவே அவரிடம் அந்த அடையாளம் தெரியாது. அவரது சகோதரிகளிடம்தான் கேட்கவேண்டும். இதற்காகவே அந்தச் சகோதரியும் நானும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம், அவரது தகப்பனின் தங்கையைப் பார்க்க. ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு. மாமி முதலில் தேநீரோடு கதையை முடித்துவிடப் பார்த்தார். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு மஞ்சள் கடித உறையை எடுத்தார். இருபத்தொன்பது வயதில் கட்டிகளுக்காகக் கர்ப்பப்பையை எடுத்த ரிப்போர்ட். கூடப்பிறந்த அண்ணனுக்குக்கூட அவர் அதைச் சொன்னதில்லையாம்.

"அண்ணாவுக்கும் கையில முடிச்சு முடிச்சா இருந்தது பிள்ளை. கிணத்துத் தண்ணி பட்டாத் துடிச்சுப் போவார். நாங்கள் வாதம் எண்டு எண்ணெய் பூசினம்."

அந்த உறையோடுதான் கின்சி வீதியிலுள்ள கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவுக்கு ஆலோசனைக்காகப் போனோம். பின்னர் மரபணுப் பரிசோதனை, சகோதரியிடம் பழுது இருப்பதைக் காட்டியது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் சிறுநீரகங்கள் சுத்தமாக இருந்தன. அடுத்த வருடத் திகதியை வீட்டுக் கலண்டரின் பின்பக்கத்தில் தாயாரே எழுதிவைத்திருக்கிறார்.

மாமிக்கு இரண்டு மகன்மார், இருவரும் கனடாவில். அவர்களுக்கும் அறிவிக்கவேண்டும் என்று சொன்னபோது, "ஆம்பிளைப் பிள்ளையளுக்கு இதென்னத்துக்கு மிஸ்?" என்றார். அண்ணனை நினைவுபடுத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அன்றிரவே மூத்தவருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். அவர் பரிசோதனைக்குத் திகதி எடுத்துவிட்டார். இளையவருக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த கிழமை மாமியைப் பார்க்க மறுபடியும் போகிறேன்.