மருந்து விசிறுமுன் யாரைக் கேட்பது?

எந்த இனத்தை விதைப்பது, எப்போது பசளை இடுவது, மருந்து விசிறுவதா விடுவதா என்பனவற்றைக் கமக்காரர் தனித்திருந்து தீர்மானிப்பதில்லை. பக்கத்து வயற்காரர், மருந்துக் கடைக்காரர், விவசாயப் போதனாசிரியர், வானொலி, இந்நாளிற் கைத்தொலைபேசி என்று பல வழிகளாற் செய்தி வருகின்றது. இவற்றுள் அயலாரின் சொல்லே பெரும்பாலும் முதலில் எடுபடும். அதில் நியாயமும் உண்டு. ஒரே வாய்க்கால் நீரும் ஒரே மண்ணுமாக இருக்கையில், அவர் வயலில் விளைந்தது தம் வயலிலும் விளையும் என்று எண்ணுதல் தவறன்று.

எச்-4 நெல்லினம் பரவிய வரலாறு இதற்குச் சான்றாகும். முருங்கக்காயன் 302, மாஸ் என்னும் இரண்டையும் கலந்து பத்தலகொடவில் உருவாக்கப்பட்ட இவ்வினம் 1958 இல் வெளியிடப்பட்டது. அதன் விளைச்சலை வரம்பில் நின்றே எவரும் காணக்கூடியதாயிருந்தது. விதைநெல்லை அயலாரிடமே மாற்றிக்கொள்ளவும் முடிந்தது. சில ஆண்டுகளுள் நாட்டின் வயல்களிற் பெரும்பரப்பில் அது விதைக்கப்பட்டது.

மருந்து விசிறும் விடயம் அத்தகையதன்று. தெளிகருவியை முதுகிற் சுமந்து அயலார் வயலில் இறங்குவது மட்டுமே வரம்பில் நிற்பவருக்குத் தெரியும். எந்தப் பீடைக்கு விசிறினார், அது எவ்வளவு இருந்தது, விசிறத்தான் வேண்டியிருந்ததா என்பன தெரியா. பின்னர் நல்ல விளைச்சல் கிடைத்தால் அப்பெருமை மருந்துக்கே போகும். விசிறாவிட்டாலும் அதே விளைச்சல் வந்திருக்குமோ என்பதை யாரும் அறியார். இலங்கையில் வயற் பாடசாலைகளிற் பயின்ற கமக்காரர் மருந்து விசிறுவதை வெகுவாகக் குறைத்தனர். எனினும், அவர்கள் கற்றது அயலாரிடம் அதிகம் பரவவில்லை என்பதைத் தென்னிலங்கை பற்றி 2005 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. விதையைப் போல இவ்வறிவைக் கைமாற்ற முடிவதில்லை.

இன்னும் இரு காரணங்கள் உண்டு. இலை வெளிறிய வயலுக்கு மருந்து விசிறாதவரை ஊரார் சோம்பேறி என்பர். அச்சொல்லுக்கு அஞ்சி விசிறுவோர் பலர். அறுவடைக்குப் பின் பணம் தரலாம் என்று கடையில் மருந்து கடனாகக் கிடைப்பது மற்றொன்று. கடைக்காரர் கூறுவது பொய்யென்பதில்லை. ஆயினும், விசிற வேண்டாம் என்று சொல்வதால் அவருக்கு வருவாய் ஏதும் இல்லை என்பதை நினைவிற் கொள்ளல் நன்று.

விதைத்து முதல் ஒரு மாதத்தில் மடிச்சுக்கட்டிப் புழு இலையைச் சுரண்டுவது கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும். ஆனால் வளரும் பயிர் புதிய இலைகளையும் மட்டங்களையும் விட்டு அதனை ஈடுசெய்யும். அவ்வேளையில் விசிறும் பூச்சிநாசினி, தத்தியை உண்ணும் சிலந்திகளையும் ஏனைய இரைகௌவிகளையும் அழித்துவிடுகின்றது. கபிலநிறத் தத்தியின் முட்டைகளோ இலைமடலினுள்ளே இருப்பதால் தப்பிவிடும். பொரித்து வரும் குஞ்சுகளை உண்ண எதிரிகள் இல்லாமையால் அவை பெருகி, பயிரை வட்டம் வட்டமாகக் கருகச் செய்யும். பணம் கொடுத்து விசிறிய வயலே பின்னர் எரிவது இதனாலாகும்.

ஆகையால் இவ்விடயத்தில் முதலிற் கேட்கவேண்டியது தம் வயலையே. வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, பல இடங்களிற் பயிரை விலக்கி, நீர்மட்டத்துக்கு மேலுள்ள அடித்தண்டைப் பார்த்தல் வேண்டும். தத்தி அங்கேதான் இருக்கும். களை பிடுங்கும் பெண்கள் பீடையைப் பெரும்பாலும் முதலிற் காண்பர். அவர்களைக் கேட்பவர்தாம் குறைவு. இலை உண்ணும் புழுவுக்கு விசிறியே தீரவேண்டும் என்று தோன்றினால், வயலில் ஒரு சிறு துண்டைத் தடி நட்டு அடையாளமிட்டு விசிறாமல் விடலாம். அறுவடையில் இரு பக்கத்திலும் ஒரே அளவு பரப்பை வெட்டி, தனித்தனியே சூடடித்து நிறுத்தல் வேண்டும். கண்மதிப்புப் போதாது. வியட்நாமின் மீகொங் கழிமுகத்திலும் 1990களிற் கமக்காரர் பலர் இவ்வாறு தம் வயலில் ஒப்பிட்டுப் பார்த்தே ஆரம்ப விசிறலைக் கைவிட்டனர்.

மரக்கறிச் செய்கையாளருக்கும் இது பொருந்தும். மிளகாயில் இலைச்சுருளல் என்னும் ஒரே பெயரால் வேறுவேறு தாக்கங்கள் அழைக்கப்படுகின்றன. பனிப்பூச்சி தாக்கினால் இலையோரம் மேல்நோக்கிச் சுருளும். சிற்றுண்ணி தாக்கினாற் கீழ்நோக்கிச் சுருளும். வைரசு நோயாலும் இலை சுருளலாம். பனிப்பூச்சிக்கான மருந்துகள் பல சிற்றுண்ணிக்குப் பயன்படா. வைரசு பிடித்த செடியை எம்மருந்தும் குணப்படுத்தாது. அயலார் கூறிய மருந்தின் பெயரோடு கடைக்குச் செல்வதிலும், தாக்குண்ட செடியொன்றைப் பையிலிட்டுக் கட்டி, கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுதல் மேலாகும். தத்தி பெருகுவதைக் கண்டாலும் தாமதியாது அவ்வாறே செய்தல் வேண்டும். அவர் வெளியே சென்றிருந்தால், 1920 என்னும் இலக்கத்திற்குத் தொலைபேசி எடுத்து விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனையைப் பெறலாம்.