உயரம் பாய்ந்தவருக்கான துக்கம்

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 2024 ஏப்ரல் 18 அன்று அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸில் 89 வயதில் காலமானார். 1958இல் டோக்கியோவில் நடந்த மூன்றாவது ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றரைத் தாண்டி, ஆசிய அரங்கில் இலங்கைக்கு முதல் தங்கப் பதக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர். அந்த வெற்றியின்போது பத்து வயதாயிருந்த பிள்ளைக்கு, மரணச் செய்தி வந்தபோது எழுபத்தாறு வயது. பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்ட ஒருவர், ஒருநாளும் நேரில் பேசியிராத இன்னொரு முதியவருக்காகக் கண்கலங்குவது வீட்டில் இருக்கும் இளையவர்களுக்கு விளங்காமல் போகலாம். ஆனாலும் அது உண்மையான துக்கம். அதற்கு ஒரு வரலாறும் உண்டு.

எதிர்வீரசிங்கம் 1934 ஆகஸ்ட் 24 அன்று யாழ்ப்பாணத்தின் பெரியவிளானில் பிறந்தவர். யாழ் மத்திய கல்லூரியின் மாணவர். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பாய்ந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்கவில்லை. 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் பட்டப்படிப்பு, டோக்கியோவில் தங்கம், 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஆபிரிக்காவிலும் பப்புவா நியூகினியிலும் கல்விப் பணி செய்தார்.

டோக்கியோ விழா நடந்த நாள்களைக் கவனிக்க வேண்டும். அது 1958 மே 24இல் தொடங்கி ஜூன் 1இல் முடிந்தது. அதே வாரத்தில்தான் இலங்கையில் தமிழருக்கு எதிரான வன்செயல் பரவி, மே 27 அன்று அவசரகால நிலை பிரகடனமானது. கொழும்பில் வீடிழந்த தமிழ்க் குடும்பங்கள் கப்பல்களில் வடக்கே அனுப்பப்பட்டன. நாட்டின் பெயரைச் சட்டையில் தாங்கி ஒரு தமிழ் இளைஞர் தங்கம் வென்றதும், அந்த நாட்டின் தெருக்களில் தமிழர் என்பதற்காகவே ஆள்கள் தாக்கப்பட்டதும் ஒரே காலத்தில் நடந்தன. அன்று பத்து வயதாயிருந்த பிள்ளைகள் இரண்டு செய்திகளையும் சேர்த்தே கேட்டார்கள். பதக்கத்தின் பெறுமதி அவர்களுக்கு ஏன் அவ்வளவு பெரிதாயிற்று என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அவர் பாய்ந்ததை அவர்களில் மிகச் சிலரே நேரில் பார்த்தவர்கள். இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல்தான். வீரகேசரியிலும் தினகரனிலும் வந்த படங்களும் வானொலிச் செய்தியுமே அவரை வீடுகளுக்குக் கொண்டுவந்தன. மீதியைப் பிள்ளைகள் தங்கள் உடம்பாலேயே கற்றுக்கொண்டார்கள். இரண்டு கம்புகளை நட்டு, சாண் இடைவெளிக்கு ஓர் ஆணி அடித்து, குறுக்கே மூங்கில் தடியையோ கயிற்றையோ வைத்தால் உயரம் பாய்தல் களம் தயார். கயிறு என்றால் நடுவில் ஒரு துணியை முடிந்துவிடுவது வழக்கம். தொட்டால் துணி ஆடிக் காட்டிக்கொடுக்கும். விழுவது மணலில். இன்றைய பஞ்சு மெத்தைகள் அப்போது பெரிய அரங்குகளிலேயே இல்லை. அதனால் அக்கால வீரர்கள் பக்கவாட்டில் ஓடிவந்து, ஒரு காலை வீசி, வயிறு தடியை நோக்கியிருக்க உருண்டு, கையும் காலும் முதலில் நிலத்தைத் தொடும்படி இறங்கினார்கள். முதுகைக் கீழே காட்டிப் பாயும் முறையை அமெரிக்கரான டிக் பொஸ்பரி 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில்தான் உலகறியச் செய்தார். மணற் குழியில் முழங்கை உரசிய அந்தத் தலைமுறைக்கு எதிர்வீரசிங்கம் என்பது படத்தில் உள்ள ஆள் மட்டுமில்லை. பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னைய மாலைநேரங்களும் அந்தப் பெயரோடுதான் நினைவுக்கு வரும்.

புகழ்பெற்றவரோடு ஒருபக்கமாக வளரும் இத்தகைய உறவை டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956இலேயே எழுதி விளக்கினர். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தொடர்ந்து வருபவரை, அவர் தம்மை அறியமாட்டார் என்று தெரிந்தும், மக்கள் பழகியவராகவே உணர்கிறார்கள் என்றனர். வீரர் தன் இனத்தவராக இருக்கும்போது இதில் இன்னொன்று சேர்கிறது. அவருடைய பெயர் மாமாவின் பெயரைப்போல இருக்கிறது. அவர் வீட்டுச் சாப்பாடு என்னவென்று பிள்ளைக்குத் தெரியும். ‘எங்கட ஆள்’ என்ற இரண்டு சொற்களில் அது அடங்கிவிடும். எண்ணிக்கையில் சிறிய சமூகங்களில் இந்த உரிமை இன்னும் அழுத்தமாக இருக்கும். அங்கே அப்படிச் சொல்லிக்கொள்ள ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள்.

இந்தத் துக்கத்துக்கு வகுக்கப்பட்ட சடங்கு இல்லை. யாழ்ப்பாண வழக்கத்தில் உறவினர் இறந்தால் துடக்கு உண்டு, எட்டுச் செலவு உண்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் நினைவு மலரும் உண்டு. ஒருநாளும் சந்திக்காத வீரருக்கு அவற்றில் ஒன்றும் பொருந்தாது. பழந்தமிழர் இதற்கு வழி வைத்திருந்தனர். போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையல் வைத்து, வாழ்த்துவது வரை நடுகல்லின் படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. அந்தக் கல்லை வணங்க உறவினராக இருக்க வேண்டியதில்லை. இன்று அந்த இடத்தில் இருப்பவை பத்திரிகை அஞ்சலியும், பாடசாலை மண்டபத்தில் மாலையிட்ட படமும்தான். குறைவுதான், ஆனாலும் அவை இல்லாவிட்டால் துக்கத்துக்கு நிற்க இடமே இல்லை.

முதுமையில் வரும் சாவும் இடைநடுவில் வரும் சாவும் ஒன்றல்ல. வல்வெட்டித்துறையின் நீச்சல் வீரர் குமார் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை இருவழியும் நீந்திக் கடந்தவர். பல உலக சாதனைகளுக்கு உரியவர். 1984 ஆகஸ்ட் 6 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் இறந்தபோது அவருக்கு நாற்பத்தொரு வயது. அவரை வியந்த பிள்ளைகள் அப்போது இன்னும் இளையவர்களாகவே இருந்தார்கள். 1983 கலவரம் நடந்து ஓராண்டே ஆகியிருந்தது. அழுவதற்குக் காரணம் ஏற்கெனவே நிறைந்திருந்த வீடுகளுக்குத்தான் அந்தச் செய்தியும் போய்ச் சேர்ந்தது.

‘எங்கட ஆள்’ என்பதன் எல்லை ஊருக்கு ஊர் மாறும். கண்டியில் அது நன்றாகத் தெரிகிறது. கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்த டங்கன் வைட், 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்ற பறங்கியர். 2000இல் சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க வெல்லும்வரை, 52 ஆண்டுகள் இலங்கையின் ஒரே ஒலிம்பிக் பதக்கம் அதுவே. 1998இல் வைட் இறந்தது இங்கிலாந்தில். பறங்கியரில் பெரும்பாலானோரும் அதற்கு முன்பே புலம்பெயர்ந்திருந்தார்கள். எதிர்வீரசிங்கத்துக்கும் அப்படித்தான் நடந்தது. வீரரும் அவருக்காக அழ வேண்டியவர்களும் வெவ்வேறு நாடுகளில் சிதறிக் கிடந்தார்கள்.

கண்டி – குருநாகல் வீதியில் உள்ள கலகெதரவில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். அங்குள்ள ஒரு பிள்ளைக்கு உரிமை பல வழியாக வரலாம். 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்ற எம். ஜே. எம். லாபிர் மார்க்கத்தால் நெருக்கம். 1981இல் அவர் மறைந்தபோது இலங்கை தன் முதல் உலக சம்பியனை இழந்தது. முத்தையா முரளிதரன் மொழியாலும் ஊராலும் நெருக்கம். கலகெதரவிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ், அவர் படித்த புனித அந்தோனியார் கல்லூரி இருக்கும் கட்டுகஸ்தோட்டை வழியாகத்தான் போகிறது. 2010 ஜூலை 22 அன்று காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டோடு அவர் விடைபெற்றார். பல்லேகல மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்ட மத்திய மாகாண சபை முடிவெடுத்ததும் அதே ஆண்டில்தான். ஒரு வீரர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய மண் செய்யக்கூடிய மரியாதை அது. ஆனால் கிரிக்கெட் வர்ணனையிலும் மக்கள் பேச்சிலும் அந்த மைதானம் இன்றும் பல்லேகலதான்.