வீடியோ பார்த்துத் தோட்டா நிரப்பலாமா? மருந்து மாறினால் குழலே வெடிக்கும்!

அமெரிக்காவில் ஒருவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து, சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளில் மறுபடியும் மருந்து நிரப்புகிறார். எந்தத் துப்பாக்கிக்கு எந்த மருந்து என்று டப்பா டப்பாவாகக் காட்டுகிறார். தா.பழூர் பக்கம் வயல் வரப்பில் உட்கார்ந்து போனைத் திறந்தாலும் இந்த வீடியோக்கள் வரத்தான் செய்யும்.

அங்கே இது பொழுதுபோக்கு. இங்கே, 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். தோட்டாவின் பாகங்கள், தயாரிக்கும் கருவி எல்லாமே அந்தச் சட்டத்தின் பார்வையில் தோட்டாதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டு. ஆயுள் வரைகூடப் போகலாம்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், கை என்ன ஆகும்? குழல் வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி, கருமருந்துக்காகச் செய்யப்பட்டது. ரைஃபிள் தோட்டாவில் இருப்பதோ புகையில்லா மருந்து. நீலகிரியில் அருவங்காடு ஆலையின் பெயரிலேயே இருக்கிற கார்டைட் இந்த வகைதான் (கயிறு மாதிரி இருந்ததால் அந்தப் பெயர்). கருமருந்து அளக்கும் அதே மூடியால் இதை அளந்து போட்டால், எழும் அழுத்தத்தை நாட்டுக் குழல் தாங்காது. வெடித்துச் சிதறும். அதுவும் சுடுபவரின் கன்னத்துக்குப் பக்கத்தில்.

புகையில்லா மருந்திலும் கைத்துப்பாக்கிக்கு உரியது வேகமாக எரியும், பெரிய ரைஃபிளுக்கு உரியது மெதுவாக எரியும். மாற்றிப் போட்டால் நல்ல ரைஃபிளே உடையும். நிறத்தையும் குருணையையும் பார்த்து எது எதுவென்று சொல்லவே முடியாது. ஆலைக்காரர்கள் கருவி வைத்து அழுத்தத்தை அளந்துதான் முடிவு செய்கிறார்கள்.

காட்டுப்பன்றித் தொல்லைக்காகத் துப்பாக்கியை நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2025 ஜனவரியில் தமிழக அரசு போட்ட உத்தரவுப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம். விவசாயி சுட அனுமதி இல்லை. புகாரை வனத்துறையிடம் கொடுங்கள்.