வெயிலும் உயிரணுவின் மரணமும்

சித்திரை மாதத்து உச்சி வேளையில் ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரஸ்தாவோரம் மண் சுமக்கும் கூலியாட்களைப் பார்த்தவர்களுக்கு வெயிலின் கொடுமையை விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வெயில் தோலுக்குள் புகுந்து செய்யும் காரியத்தைப் படித்தவர்களிலும் அநேகர் அறியார்.

சூரிய ஒளியில் கண்ணுக்குப் புலப்படாத ஊதாக் கடந்த கிரணங்கள் உண்டு. உயிரணுவின் பரம்பரைக் குணங்களைத் தாங்கும் டி.என்.ஏ. இழையில், அடுத்தடுத்துள்ள இரண்டு கண்ணிகளை அவை ஒட்டவைத்து விடுகின்றன. உயிரணு இரண்டாகப் பிரியுமுன் இழை முழுவதையும் நகல் எடுத்தாக வேண்டும். இப்பழுதோடு நகலெடுத்தால் இழை அறுந்து அணு மடியலாம். அல்லது பிழை நிலைத்து, மடியாமலே கெடலாம். பின்னதே பெருந்தீங்கு.

இதைத் தடுக்கவே, 1979-ல் கண்டறியப்பட்ட பி53 என்னும் புரதம் காவல் நிற்கிறது. சேதம் கண்டதும் பி21 என்ற வேறொரு புரதத்தைப் பெருக்கி, பிரியும் வேலையை நிறுத்தி வைக்கிறது. அந்த அவகாசத்தில் பழுது நீங்கினால் அணு பிழைக்கும். பழுது மிஞ்சினால் அணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும். 1994-ல் அமெரிக்காவில் பிராஷ் முதலிய விஞ்ஞானிகள், பி53 இல்லாத எலிகளின் தோலில் கிரணம் பட்டு மடிய வேண்டிய அணுக்கள் பல மடியாததைக் கண்டனர். அத்தகைய அணுக்களே புற்றுநோய்க்கு வித்தாகின்றன.

தோலைக் கறுக்கச் செய்யும் உத்தரவும் இந்தக் காவலனிடமிருந்தே பிறக்கிறதென்று 2007-ல் தெரியவந்தது. கறுப்பு நிறப்பொருள் அணுவின் கருவுக்கு மேல் குடைபோல் கவிந்து நிற்கிறது. நிறத்தை வெளுக்கக் காசைக் கொட்டுவோர் இதைச் சற்றே யோசிக்கட்டும்!

காவலன் இருந்தும் பழுது பார்ப்பவன் இல்லாவிட்டால்? ஸீரோடெர்மா பிக்மென்டோஸம் என்ற வியாதியுள்ள குழந்தைகளின் கதி அதுதான். ஒட்டிய கண்ணிகளை வெட்டியெடுக்கும் சக்தி அவர்களுடைய அணுக்களுக்கு இல்லையென்று 1968-ல் கிளீவர் காட்டினார். எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தென்ன? பழுது அப்படியே இருக்கிறது. சிறு வயதிலேயே முகத்தில் புள்ளிகளும், பின்னர் புற்றும் தோன்றுகின்றன. தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்து சேர்ந்தாலன்றி இவ்வியாதி இல்லை. தாய்மாமனையும் அத்தை மகனையும் மணப்பது சகஜமாயிருக்கும் நம் பிரதேசத்தில், இதை எங்கோ உள்ள விஷயமென்று தள்ளிவிட முடியாது.

சிறிது வெயிலுக்கே தோல் வெந்து, கண் கூசி, முகத்தில் புள்ளி காணும் குழந்தையைக் கோரிமேட்டு ஜிப்மரின் தோல் நோய்ப் பிரிவில் காட்டலாம். பூரண குணமளிக்கும் மருந்து இன்னும் இல்லை. பகலில் வெயில் படாமல் காத்து, தோலில் தோன்றும் கட்டிகளை உடனுக்குடன் அகற்றி வந்தால் ஆயுள் நீளுகிறது.