முற்பணம் கட்டுமுன் ஒரு கடிதம்

உயர்தரப் பெறுபேறு வந்து, இசட் புள்ளி போதாது என்று தெரிந்ததும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பெற்றோர் தனியார் நிறுவனங்களின் படியேறத் தொடங்கிவிடுகிறார்கள். சுற்றாடல் விஞ்ஞானப் பட்டம் என்றால் கட்டணம் எவ்வளவு, எத்தனை தவணை, கடைசி வருடம் வெளிநாடு போகலாமா என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். அந்தப் பட்டத்தை யார் அங்கீகரித்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் “அதெல்லாம் இருக்கு” என்ற பதிலே போதுமாகிவிடுகிறது. பிள்ளை படித்து முடித்து அரச பதவிக்கு விண்ணப்பிக்கும்போதுதான், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்த பட்டம் வேண்டும் என்ற வரி கண்ணில் படுகிறது. அதற்குள் வருடங்களும் இலட்சங்களும் போய்விடுகின்றன.

சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ்களை நம்பாதீர்கள். கம்பனிப் பதிவு வியாபாரம் செய்வதற்கானது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு தொழிற்பயிற்சிக்கானது. இரண்டுமே பட்டத்துக்கான அங்கீகாரம் அல்ல. உள்ளூர் நிறுவனம் தன் பெயரில் பட்டம் வழங்க வேண்டுமானால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின்கீழ் அந்தப் பட்டம் வர்த்தமானியில் பெயர் குறித்து வந்திருக்க வேண்டும். வியாபார முகாமைத்துவப் பட்டத்துக்குக் கிடைத்த அனுமதி சுற்றாடல் விஞ்ஞானத்துக்குச் செல்லாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வெளிநாட்டுப் பட்டம் என்றால், அதை வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதைக் கேட்க வேண்டிய இடம் கொழும்பு 7, வாட் பிளேஸ், 20ஆம் இலக்கத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகம். சான்றிதழில் அச்சாகப்போகும் பட்டத்தின் முழுப்பெயர், அதை வழங்கும் பல்கலைக்கழகம், இங்கே கற்பிக்கும் நிறுவனம், கற்கைக்காலம் ஆகியவற்றைக் குறித்துத் தமிழிலேயே எழுதுங்கள். தொலைபேசியில் கேட்ட பதில் பிறகு எதற்கும் உதவாது. கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்; 14 வேலைநாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். இவ்வளவு தூரம் மக்களை அலையவிடாமல், பெறுபேறு வெளியாகும் வாரத்திலேயே அங்கீகாரம் பெற்ற பட்டங்களின் பட்டியலைத் தமிழ்ப் பத்திரிகைகளில் வெளியிட்டால் ஆணைக்குழுவுக்கு என்ன நட்டம்?

தனியார் கம்பனியில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று சொல்வார்கள். சிலர் பார்க்காமல் இருக்கலாம். ஆனால் இருபது வயதுப் பிள்ளை ஆயுள் முழுதும் எந்த வாசலைத் தட்டும் என்று இன்றைக்கே யாரால் சொல்ல முடியும்? காத்திருந்தால் இடம் போய்விடும் என்பது இன்னொரு பயம். போனால் அடுத்த அனுமதிக்காலம் வரும்; கட்டிய பணம் அப்படித் திரும்பி வராது. தனியாரிடம் போகுமுன், இசட் புள்ளி எல்லையில் நிற்கும் பிள்ளைகள், தூரம் என்பதற்காக வவுனியாப் பல்கலைக்கழகத்தின் சுற்றாடல் விஞ்ஞானத்தை அரச பல்கலைக்கழக விண்ணப்பத்தின் விருப்பப் பட்டியலில் எழுதாமல் விடுவதும் கவலையீனமே.

ஏற்கனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம், கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதி, 27ஆம் இலக்கத்தில் முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில், சேவை வழங்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும். பற்றுச்சீட்டு, துண்டுப்பிரசுரம், வாட்ஸ்அப்பில் வந்த வாக்குறுதிகள் எல்லாவற்றின் பிரதியையும் இணையுங்கள். மூலப்பிரதியை யாரிடமும் கையளிக்க வேண்டாம்.